பேருந்தை வெறுமையாக்கிய பெண்கள்

(சங்கத்தின் மகளிர் நாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் சிலரைப் பற்றி இன்று பேசுகிறோம். ரோசா பார்க்ஸ் பெயர் நமக்குத் தெரியும். களைத்துப்போன தையற்காரி ஒருத்தி பேருந்தில் எழுந்திருக்க மறுத்தாள், சட்டமே மாறிவிட்டது என்பார்கள். அது பாதிக் கதை. சங்கம் நடத்தும் நமக்கு வேண்டியது மீதிப் பாதி.

முதலில் ரயிலிலிருந்து தொடங்குவோம். ஐடா பி. வெல்ஸ் 1862இல் மிசிசிப்பி மாநிலத்தில் அடிமைப் பெற்றோருக்குப் பிறந்தவர். 16 வயதில் தாய் தந்தையை மஞ்சள் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். ஆசிரியை வேலை பார்த்து உடன்பிறந்தவர்களை வளர்த்தார். டென்னசி மாநிலத்தில் ரயிலின் மகளிர் பெட்டியில் உட்கார்ந்திருந்தவரை, புகைபிடிப்போர் பெட்டிக்குப் போகச் சொன்னார் கண்டக்டர். அவர் மறுத்தார். பிடித்து இழுத்த கையைக் கடித்தார். வழக்குப் போட்டு 1884இல் 500 டாலர் இழப்பீட்டுக்குத் தீர்ப்பு வாங்கினார். 1887இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சீட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு இடத்தை மறுப்பது என்ன நியாயம்? கவுண்டரில் உட்காரும் நமக்கு இந்தக் கேள்வி உறைக்காமல் போகுமா?

1892இல் மெம்பிஸ் நகரில் மளிகைக் கடை நடத்திய மூன்று கறுப்பினத்தவரை வெள்ளையர் கும்பல் கொன்றது. வெல்ஸ் தம் பத்திரிகையில் எழுதினார். பத்திரிகை அலுவலகத்தை நொறுக்கினார்கள். அவர் ஓயவில்லை. கும்பல் கொலைகளைப் பெயர், ஊர், சொல்லப்பட்ட காரணம் என்று பட்டியலிட்டு 1895இல் நூலாக்கினார். கோபத்தைக் கணக்காக மாற்றியவர் அவர்.

அடுத்து, அலபாமா மாநிலத்தின் மாண்ட்காமரி நகரம். பேருந்தில் கறுப்பினத்தவர் முன்வாசலில் காசு கொடுத்துவிட்டு, இறங்கிப்போய்ப் பின்வாசலில் ஏற வேண்டும். பயணிகளில் பெரும்பாலோர் அவர்கள்தான். ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை பெண்கள் அரசியல் மன்றத்தின் தலைவி. 1954 மே மாதமே மேயருக்கு எழுதினார்: இந்த நிலை மாறாவிட்டால் பேருந்துப் புறக்கணிப்பு வரும் என்று. 1955 மார்ச் 2இல் கிளாடெட் கோல்வின் என்ற 15 வயது மாணவி இடத்தை விட்டு எழ மறுத்துக் கைதானாள். டிசம்பர் 1இல் ரோசா பார்க்ஸ் மறுத்தார். அவரும் திடீரென்று முளைத்தவர் அல்ல; உரிமைச் சங்கத்தின் கிளைச் செயலாளராகப் பல ஆண்டுகள் உழைத்தவர்.

அன்றிரவே ராபின்சன் கல்லூரிக்குப் போனார். ஸ்டென்சில் வெட்டி, விடிய விடிய உருட்டிப் பல்லாயிரம் நோட்டீஸ் அடித்தார். டிசம்பர் 5, திங்கட்கிழமை, கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறவில்லை. ஒரு நாள் என்று தொடங்கியது 381 நாள் நீடித்தது.

அத்தனை நாள் கார்களுக்குப் பெட்ரோல் போடப் பணம் வேண்டாமா? ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்காரி நீதிமன்றத்தில் சாட்சி சொன்னதால் வேலையை இழந்தார். வீட்டிலேயே சமைத்து விற்றார். மற்றப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு, திரட்டிய பணத்தை வாராந்தரக் கூட்டத்தில் கொடுத்தார். கொடுத்தவர் பெயர் தெரிந்தால் அவர் வேலை போய்விடும் என்பதால், தம் குழுவுக்கு ‘எங்கிருந்தோ வந்த மன்றம்’ என்ற பொருளில் பெயர் வைத்தார்.

கடைசியில் பேருந்துச் சட்டத்தை உடைத்த வழக்கில் வாதிகளாக நின்றவர்கள் ஆரேலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், கிளாடெட் கோல்வின் என்ற நான்கு பெண்கள். 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. மேடையில் முழங்கியவர்களோ பெரும்பாலும் ஆண்கள்.

தோழர்களே, நோட்டீஸ் அடித்தவரும் சோறு ஆக்கியவரும் சாட்சிக் கூண்டில் ஏறியவரும் இல்லாமல் அந்தப் போராட்டம் ஒரு வாரம் தாங்கியிருக்காது. நம் சங்கத்திலும் வீடு வீடாகச் சந்தா வாங்குபவர்களும் விழாவுக்குச் சமைப்பவர்களும் பெண்களே. வரும் பொதுக்குழுவில் செயற்குழுவுக்கு அவர்கள் பெயரை முன்மொழிவோம். தாய்மார்களே, பொருளாளர் பொறுப்பையே கேளுங்கள். காசைக் காப்பாற்றத் தெரிந்தவர்கள் நீங்கள். பொதுக்குழுவை ஞாயிறு பகலில் வைப்போம். அன்றைய சமையலைத் தகப்பன்மார் பார்த்துக்கொள்ளட்டும்.