பால்கனியில் காய்ந்த குட்டிச்சாத்தான்கள்

(நம் சங்கத்தின் மாதாந்திர மாலைச் சந்திப்பில், கிளப் ஹவுஸில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்தது. பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். ஒரு பால்கனிச் சுவர்மேல் ஐந்து பச்சை முகங்கள். ஒவ்வொன்றும் ஓர் ஓநாய்மேல் உட்கார்ந்து, பல்லை இளித்துக்கொண்டு, கையில் ஈட்டியோடு. அதன் கீழே, "இது யார் வீடு? ஏதாவது செய்வினையா?" என்று ஒரு கேள்வி. அதற்குப் பதிலாக எலுமிச்சம்பழம் படம் போட்டவர்கள் மூன்று பேர். எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மா இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, "ஐயா, அதை உள்ளே எடுத்து வெச்சாத்தான் வருவேன்" என்றார்.

அது என் பால்கனிதான். வார்னிஷ் காய்வதற்காக வைத்திருந்தேன். விளக்கத்தைக் குழுவில் எழுதாமல் நேரில் வந்து சொல்லும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். அதனால் இந்தப் பேச்சு.

இவற்றுக்கு ஆங்கிலத்தில் கோப்ளின் என்று பெயர். நம் குட்டிச்சாத்தானுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியக் கதைகளில் வரும் குள்ளமான, தந்திரமான, கொஞ்சம் கோழையான பூதங்கள். அவை ஓநாய்களோடு கூட்டுச் சேர்ந்து கிளம்பும் என்பது 1937-ல் டோல்கீன் எழுதிய 'ஹாபிட்' நாவலிலேயே இருக்கிறது. பிற்பாடு இங்கிலாந்தில் வார்ஹேமர் என்ற மேசை விளையாட்டு 1983-ல் வந்தபோது, இந்தக் குட்டிச்சாத்தான்களுக்கு அதிலே ஒரு படை கொடுத்தார்கள். அந்தப் படையின் குதிரைப்படைதான் என் பால்கனியில் காய்ந்தது. குதிரைக்குப் பதில் ஓநாய், அவ்வளவுதான்.

மேசைமேல் போர் விளையாடுவது புதிய வழக்கம் இல்லை. நம் நாட்டுச் சதுரங்கம் ஐரோப்பாவுக்குப் போனது எல்லோருக்கும் தெரியும். ஜெர்மனியில் 1780-ல் ஹெல்விக் என்பவர் அதையே பெரிதாக விரித்து, மலை, ஆறு எல்லாம் சேர்த்துப் போர் விளையாட்டு ஆக்கினார். 1824 வாக்கில் பிரஷ்ய ராணுவம் தன் அதிகாரிகளுக்கே அதுபோல ஒன்றைப் பயிற்சியாக வைத்தது. எச். ஜி. வெல்ஸ், அறிவியல் கதைகள் எழுதினாரே அவரேதான், 1913-ல் பொம்மை வீரர்களை வைத்து வீட்டுத் தரையில் விளையாட ஒரு விதிப் புத்தகமே எழுதினார். அதில் குட்டிப் பீரங்கியால் மரக்குச்சியை எய்து எதிரியின் வீரர்களைச் சாய்க்க வேண்டும். ஆக, பெரியவர்கள் பொம்மை வைத்து விளையாடுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இதை எனக்கே நான் பல தடவை சொல்லிக்கொண்டேன்.

சரி, இது என் வீட்டுக்கு எப்படி வந்தது?

என் மனைவி காலமான பிறகு, மகள் என்னை இங்கிலாந்துக்கு அழைத்துக்கொண்டாள். நாட்டிங்ஹாமில் ஆறு மாதம் இருந்தேன். பேரனுக்குப் பன்னிரண்டு வயது. சின்ன வயதில் வீடியோ காலில் நான்தான் அவனுக்குச் செஸ் சொல்லிக் கொடுத்தேன். ஒரு வருடமாக அவன் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. வளர்ந்துவிட்டான், தமிழ் மறந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள், அவன் அறையில் ஒரு அட்டைப் பெட்டி. பள்ளி நண்பனின் அண்ணனிடம் பழையதாக வாங்கியது, பிறந்தநாள் காசில். உள்ளே ஒட்டாத பிளாஸ்டிக் துண்டுகள், ஒரு பழைய விதிப் புத்தகம். விலை கேட்டேன், சொன்னான். முப்பத்தைந்து வருடம் கவுன்டரில் உட்கார்ந்த புத்தி சும்மா இருக்குமா? உடனே ரூபாயில் மாற்றினேன். அதோடு விட்டேனா? அந்தத் தொகையை ஐந்து வருட டெபாசிட்டில் போட்டிருந்தால் கூட்டு வட்டியில் எவ்வளவு ஆகியிருக்கும் என்று கணக்கும் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். மூன்று வாரம் அது அங்கேயே கிடந்தது.

மகள்தான் ஒருநாள் சொன்னாள். "அப்பா, அவனா கேட்டு வாங்கினது அது ஒண்ணுதான்."

அன்று சாயங்காலம் அவன் அறைக் கதவைத் தட்டி, "இதை எப்படி ஒட்டறதுன்னு எனக்குச் சொல்லித் தருவியா?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டுப் பெட்டியை இழுத்தான்.

வேலை எப்படி என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், கேட்டவர்கள் இருக்கிறார்கள். பாகங்கள் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும். சின்னக் கட்டரால் வெட்டி எடுத்து, அச்சின் கோடு தெரியும் இடத்தை அரத்தால் தேய்க்க வேண்டும். இதற்கான பசை சாதாரணப் பசை அல்ல. பிளாஸ்டிக்கையே லேசாகக் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்கிவிடும். நெடி உண்டு, ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். பிறகு கறுப்பு பிரைமர். அதன்மேல் பெயின்டைத் தண்ணீர் விட்டு மெல்லியதாக இரண்டு கோட். ஒரேயடியாகத் தடிமனாகப் பூசினால் முகத்தின் பல்லும் மூக்கும் மூழ்கிவிடும். முதல் ஓநாயை நான் அப்படித்தான் கெடுத்தேன்.

எனக்கு வலது கை நடுக்கம் உண்டு. கையெழுத்துப் போடும்போது என் பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். ஆள் உயரம் மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை, அதில் கண் வரைய வேண்டும் என்றால் நடக்கிற காரியமா? பேரன் ஒரு வழி சொன்னான். காலி மருந்து பாட்டில்மேல் பொம்மையை ஒட்டிக்கொள்ள வேண்டும், இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றி, இரண்டு மணிக்கட்டையும் ஒன்றோடு ஒன்று சேர்த்துக்கொள்ள வேண்டும். மருந்து பாட்டிலுக்கு என்னிடம் பஞ்சமே இல்லை. இன்னொன்றும் கண்டுபிடித்தோம். ஓநாயின் ரோமத்துக்கு, பிரஷில் இருக்கும் பெயின்டைத் துணியில் ஏறக்குறைய முழுதும் துடைத்துவிட்டு, காய்ந்த பிரஷால் மேலோட்டமாகத் தட்டித் தட்டிப் போக வேண்டும். மேடான இடத்தில் மட்டும் சாம்பல் நிறம் பிடிக்கும். இதற்குக் கை நடுங்கினால் கெடுதல் இல்லை, ரோமம் இன்னும் இயல்பாக வருகிறது. ஆகவே ஓநாய் என் பொறுப்பு, முகம் அவன் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். மொத்தம் பத்து சவாரிக்காரர்கள். ஏழு வாரம் ஆயிற்று.

நடுவில் ஒருநாள் அந்தக் கம்பெனியின் தலைமையகத்துக்கு என்னைக் கூட்டிப் போனான், அது அதே ஊரில்தான் இருக்கிறது. 1975-ல் லண்டனில் மூன்று நண்பர்கள் மர விளையாட்டுப் பலகைகள் செய்து விற்க ஆரம்பித்த நிறுவனம். 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு கம்பெனிகளில் சேர்ந்தது. இதைக் கேட்ட பிறகு டெபாசிட் கணக்கை நான் மறுபடி எடுக்கவில்லை. உள்ளே கண்ணாடிப் பெட்டிகளில் போர்க்காட்சிகள். ஒரு உணவகம், அதற்கு ஒரு குள்ள சாராய வியாபாரியின் பெயர். கதைப்படி அவனுடைய ஆலையை இந்தக் குட்டிச்சாத்தான்கள்தான் கொளுத்தின என்று பேரன் ரகசியமாகச் சொன்னான். அங்கே உட்கார்ந்து காபி குடித்தோம்.

ஆட்டத்துக்கு வருகிறேன். என் போன்ற காமர்ஸ் ஆளுக்கு இதில் பிடித்தது புள்ளிக் கணக்கு. ஒவ்வொரு வீரனுக்கும் இத்தனை புள்ளி என்று விலை உண்டு. இரண்டு தரப்பும் ஒரே மொத்தத்துக்குள் படை சேர்க்க வேண்டும். பெரிய ஆட்டத்துக்கு 2,000 புள்ளி என்பது வழக்கம், இவர்கள் 500-ல் விளையாடினார்கள். இரண்டு பக்கமும் டேலி ஆக வேண்டும், ஆனால் சரக்கு வேறு வேறு. எதிரில் நண்பனிடம் இரும்புக் கவசக் குதிரை வீரர்கள், விலை அதிகம், எண்ணிக்கை குறைவு. இவனிடம் மலிவான ஓநாய்க்காரர்கள். நடந்து போகும் குட்டிச்சாத்தான் ஒரு தடவைக்கு 4 அங்குலம் நகரும். ஓநாய்மேல் ஏறினால் 9 அங்குலம். வேகம் ஒன்றுதான் இவர்களுடைய சொத்து. மற்றபடி ஒழுங்கு கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் பகடை போட வேண்டும், 1 விழுந்தால் தங்களுக்குள்ளேயே சண்டை ஆரம்பித்து அந்தச் சுற்று வீண். சில அசோசியேஷன் கூட்டங்கள் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.

இவர்களுக்கு உள்ள பெரிய வித்தை ஓடிப்போவது. நிஜமாகத்தான் சொல்கிறேன். எதிரி பாய்ந்து வரும்போது நின்று சண்டை போடாமல் ஓடலாம். துரத்தியவர்கள் கூட்டத்தை விட்டுத் தனியாக நீண்டு நிற்பார்கள். அடுத்த சுற்றில் நம் ஆட்கள் மறுபடி ஒன்றுகூடிப் பக்கவாட்டில் திரும்பலாம். ஆனால் ஒன்றுகூட இரண்டு பகடையில் 6 அல்லது அதற்குக் கீழே விழ வேண்டும். மொத்தம் 36 வகையில் விழலாம், அதில் 15 மட்டும் நமக்குச் சாதகம். பாதிகூட இல்லை.

நான் பார்த்த முதல் ஆட்டத்தில் கவசக்காரர்கள் பாய்ந்தார்கள். இவன் "ஓடு!" என்றான். ஓடினார்கள். அடுத்த சுற்றில் பகடை போட்டான், 9. இன்னும் ஓடி, மேசை விளிம்பைத் தாண்டி வெளியே போய்விட்டார்கள். ஏழு வாரம் உட்கார்ந்து நான் ரோமம் பூசிய ஓநாய்கள், ஒரு அடிகூடக் கொடுக்காமல் ஆட்டத்தை விட்டே போயின. நான் பயந்துகொண்டு அவன் முகத்தைப் பார்த்தேன். நண்பனும் அவனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ராத்திரி படுக்கும் முன் கேட்டேன், இவ்வளவு படை இருக்க ஏன் இந்தக் கோழைப் படையை எடுத்தாய் என்று. அவன் தன் தமிழில் சொன்னான்: "தாத்தா, இவங்க தோத்தா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. சிரிப்பாங்க."

எனக்கு உடனே ஒரு போன் பேச்சு ஞாபகம் வந்தது. போன வருடம் பள்ளிச் செஸ் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டு எனக்குப் போன் செய்தான். நான் கேட்ட முதல் கேள்வி, "ராணியை ஏன்டா அவ்வளவு சீக்கிரம் வெளியே எடுத்தே?" அரை மணி நேரம் அவனுடைய தப்புகளை வரிசையாகச் சொன்னேன். நல்லெண்ணத்தில்தான். அதற்குப் பிறகு அவன் செஸ் போர்டைத் தொடவில்லை என்பது எனக்குத் தெரியாது. போன் பேச்சு குறைந்ததும் அப்போதிருந்துதான். வங்கியில் கணக்கு இடித்தால் வித்தியாசத்தைச் சஸ்பென்ஸில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். இதை ஒரு வருடம் சஸ்பென்ஸில் வைத்திருந்திருக்கிறேன், என்ட்ரி என் கையெழுத்திலேயே இருந்தும். இருட்டிலே, "அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுடா" என்றேன். "பரவால்ல தாத்தா" என்றான். தூங்கிவிட்டான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ஆனால் புத்தி போகுமா? மறுநாள் விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். கூட்டத்தில் ஒருவனை வாத்தியக்காரனாக ஆக்கினால், கொஞ்சம் புள்ளி கூடுதலாகும், ஒன்றுகூடும்போது ஒரு எண் கூடக் கிடைக்கும் என்று இருந்தது. 6-க்குப் பதில் 7. 15 என்பது 21 ஆகிறது, 36-க்கு. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, அவனாகக் கேட்கும்வரை வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் கேட்டான். சொன்னேன். அதற்கடுத்த ஆட்டத்தில் ஓநாய்கள் ஓடி, கூடி, திரும்பி வந்து கவசக்காரர்களைப் பக்கத்தில் அடித்தன. அப்படியும் தோற்றான். அன்றைக்கும் சிரிப்புதான்.

நான் கிளம்பும் முன் பத்தை இரண்டாகப் பிரித்தான். ஐந்து அவனுக்கு, ஐந்து எனக்கு. "அஞ்சுதான் மினிமம் தாத்தா, அதுக்குக் கீழே போனா அது யூனிட்டே இல்லை" என்றான். விமானத்தில் இரண்டு ஈட்டி உடைந்துவிட்டது. அதை ஒட்டி வார்னிஷ் அடித்துக் காயவைத்த அன்றுதான் யாரோ போட்டோ எடுத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வீடியோ கால் வைத்து, அவன் அங்கே நகர்த்த, நான் இங்கே டேப் வைத்து அளக்கிறேன். வீட்டு மேசை போதவில்லை. கேரம் அறையில் பழைய பேப்பர் அடுக்கியிருக்கும் மேசையை அந்த இரண்டு மணி நேரத்துக்குத் தருமாறு கமிட்டியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பேப்பரை நானே கட்டி வைத்துவிடுகிறேன். குழந்தைகள் யார் வேண்டுமானாலும் வரலாம். பெயின்ட் அடிக்க ஆசையிருந்தால் பழைய சட்டை போட்டுக்கொண்டு வரட்டும்.

ஐந்து பேரையும் இன்று கொண்டுவந்திருக்கிறேன், அதோ அந்த டிபன் பாக்ஸில். எடுத்துப் பாருங்கள். அடியில் இருக்கும் பீடத்தைப் பிடித்துத் தூக்குங்கள், ஈட்டியைப் பிடிக்காதீர்கள். இடது ஓரத்தில் இருப்பவனின் ஓநாய்க்கு மூக்கு சரியாக இருக்காது, அதுதான் நான் பூசிய முதல் ஓநாய்.