மணியை வையுங்கள், மணிக்கணக்கையும் வையுங்கள்

(புதூரில் வாலிபர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



புதூருக்கு ரயில் கிடையாது. 2011-12 ரயில்வே பட்ஜெட்டில், மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்கு 143 கிலோமீட்டர் புதுப் பாதை என்று அறிவித்தார்கள். தூத்துக்குடிப் பக்கம் மீளவிட்டானிலிருந்து மேலமருதூர் வரை 18 கிலோமீட்டர் போட்டார்கள். நாம் இன்னும் பஸ் ஏறித்தான் கோவில்பட்டிக்குப் போய் ரயில் பிடிக்கிறோம். ரயிலே வராத ஊரில் ரயில்வே கேட்டைப் பற்றி என்ன பேச்சு என்று ஒரு பெரியவர் சற்று முன் என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இங்குள்ள வாலிபர்கள், கோவில்பட்டிப் பாதையில் கழற்றப்படும் பழைய கேட்டுகளையும் மணிகளையும் இரும்புக்கடைக்குப் போகாமல் காப்பாற்ற வேண்டும் என்கிறார்கள். நல்ல எண்ணம். அதற்குத்தான் இந்தப் பேச்சு.

மதுரை - தூத்துக்குடிப் பாதை 1876இல் திறக்கப்பட்டது. நம் கரிசல் பருத்தி தூத்துக்குடித் துறைமுகம் போய்க் கப்பல் ஏறவேண்டும், அதுதான் வெள்ளைக்காரக் கம்பெனியின் அக்கறை. அதே வருஷம் தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது. ரயில் இருந்தும் ஜனங்கள் பட்டினியால் மடிந்தார்கள். இந்தப் பாதை நம் வண்டித்தடங்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. வெட்டிய இடத்தில் ஒரு கேட், ஒரு விளக்கு, ஒரு மனிதன்.

அந்த மனிதன் கையிலிருந்த சாமான்களைப் பாருங்கள். முதலில் இழுத்து மூடும் கதவு. பிறகு வின்ச்சைச் சுற்றினால் ஏறி இறங்கும் நீண்ட கம்பம். கம்பம் இறங்குகிறது, ஒதுங்கு என்று வண்டிக்காரனுக்குச் சொல்ல மணி. ராத்திரியில் மண்ணெண்ணெய் விளக்கு. சிவப்புக் கொடி, பச்சைக் கொடி. தண்டவாளத்தில் கட்டிவைத்தால் எஞ்சின் ஏறியதும் வெடிக்கிற டெட்டனேட்டர். பருத்திப் பாரம் ஏற்றிய வண்டி கேட்டின் நடுவில் அச்சு முறிந்து நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவன் கொடியோடு ஓடவேண்டும். அகலப் பாதை விதிப்படி 600 மீட்டரில் ஒரு வெடி, 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று வெடி வைக்கவேண்டும். ஒற்றைப் பாதையில் எந்தப் பக்கம் முதலில் ஓடுவது? ரயில் எந்தப் பக்கமிருந்து வருமென்று கணித்து அந்தப் பக்கம் ஓடவேண்டும். இது வேலை இல்லையா?

இல்லை என்கிறது சட்டம்! 1989ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தில் ஒரு வகை இருக்கிறது, ‘இடைவிட்டு நடக்கும் வேலை’ என்று. டூட்டி நேரத்தில் பாதிக்குமேல் உடலுழைப்போ இடைவிடாத கவனமோ தேவைப்படாவிட்டால் அது அந்த வகை. போக்குவரத்துக் குறைந்த ‘சி’ வகுப்புக் கேட்டில் இருப்பவரை இதில்தான் சேர்த்தார்கள். நான் கேட்கிறேன்: அடுத்த ரயில் எப்போது வருமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு எந்த நிமிஷம் ஓய்வு நிமிஷம்? ராத்திரிக் காவலுக்குப் போன காட்டுக்காரனைக் கேளுங்கள், அவன் சொல்வான்.

கணக்கைக் கேளுங்கள். 1930ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டம் இந்த வகைத் தொழிலாளிக்கு வாரம் 84 மணி நேரம் வரை அனுமதித்தது. 1947இல் ராஜாத்யக்ஷா தீர்ப்பு அதை 75 ஆக்கியது. 2005ஆம் வருஷ விதிகளில் ‘சி’ வகுப்புக் கேட்டுக்காரருக்கு 48ம், அதற்கு மேல் 24ம், ஆக 72. அதாவது நாளைக்குப் பன்னிரண்டு மணி, வாரத்தில் ஆறு நாள். 75 வருஷத்தில் 12 மணி நேரம் குறைந்திருக்கிறது! அதுவும் சும்மா வரவில்லை. 1928 தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தில் தோழர் சிங்காரவேலர் சிறை சென்றார். 1946 செப்டம்பர் 5இல் பொன்மலையில் தொழிலாளர்கள் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். 1974 மே மாத அகில இந்திய வேலைநிறுத்தத்தில் எட்டு மணி நேர வேலை ஒரு முக்கியக் கோரிக்கை.

அகலப் பாதையில் ஆளில்லாக் கேட்டுகள் 2019 ஜனவரியோடு ஒழிந்தன. அதை வரவேற்கிறோம். ஆனால் ஆளிருந்த கேட்டில் என்ன நடந்தது? கடலூர் பக்கம் செம்மங்குப்பத்தில் 2025 ஜூலை 8 காலையில் பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் மாண்டார்கள். அன்று கேட்டில் இருந்தவர் செய்தது சரியென்று வாதாட நான் வரவில்லை, அதைக் கோர்ட்டு பார்க்கட்டும். ஆனால் அது ‘இன்டர்லாக்’ இல்லாத கேட். இன்டர்லாக் என்றால், கேட் பூட்டியிருந்தால்தான் சிக்னல் இறங்கும். கேட் திறந்திருந்தால் டிரைவருக்குச் சிவப்புதான். இல்லாத இடத்தில் டெலிபோனில் ‘மூடியாச்சு’ என்று சொல்லும் ஒரு வார்த்தையை நம்பி ரயில் வருகிறது. இந்தப் பூட்டும் சாவியும் நேற்று வந்த புதுமையல்ல, பல பத்தாண்டுப் பழக்கம். செலவுக்கு யோசித்தவர்கள் யார் என்பதையும் அந்தக் கோர்ட்டில் கேட்கவேண்டும்.

ஆகையால் வாலிபர்களே, பழைய மணியைக் காப்பாற்றுங்கள். ஆனால் நீங்களாகக் கழற்றிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ரயில்வே சொத்தைக் கையில் வைத்திருந்தால் 1966ஆம் வருஷத்துச் சட்டம் உங்களைத்தான் முதலில் பிடிக்கும்! திருச்சியில் 2014 முதல் ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. கோவில்பட்டி ஸ்டேஷனிலேயே ஓரிடம் ஒதுக்கும்படி டிவிஷன் நிர்வாகத்துக்கு மனுக் கொடுங்கள். வின்ச்சில் எஸ்.ஐ.ஆர். என்று வார்த்த எழுத்து இருந்தால் சுரண்டவோ புது பெயின்ட் பூசவோ விடாதீர்கள். மணிக்குப் பக்கத்தில் அந்தக் கேட்டின் டூட்டிப் பட்டியலையும் கண்ணாடி போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

பட்டியல் கிடைக்காது என்பார்கள். இந்தப் பாதையில் கேட்டில் இருந்து ரிடையரான தாத்தாமார் சுற்றுவட்டாரக் கிராமங்களில் இருப்பார்கள். நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை மணிக்கு டூட்டி ஏறினீர்கள், எத்தனை மணிக்கு இறங்கினீர்கள், சாப்பாட்டை யார் கொண்டுவந்தார்கள், ராத்திரி பாம்பு வந்தால் என்ன செய்தீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்லச் சொல்ல அப்படியே எழுதுங்கள். அடுத்த மாதம் நான் வரும்போது அந்த நோட்டைப் பார்க்க ஆசைப்படுகிறேன்.