தங்குதலும் உறைதலும்



சில மாதங்களுக்கு முன்னர் பதினோராம் வகுப்பில் செய்யுள் ஒன்றைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். 'உறைதல்' என்ற சொல் வந்தது. அதனை ஒரு வசனத்தில் அமைத்துச் சொல்லுமாறு மாணவரைக் கேட்டேன். பின்வரிசையில் இருந்த ஒருவன் எழுந்து, "என்னுடைய மாமாவுக்குச் சுவிசில் சி காட் கிடைத்துவிட்டது. இனி அவர் அங்கேயே உறைவார்" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. மாமா பனியில் உறைந்து கட்டியாகிவிடுவார் என்று மற்றப் பிள்ளைகள் பொருள் கொண்டுவிட்டார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்த பின்னர் அந்த வசனம் என்னை விடவில்லை. அதில் பிழை எதுவும் இல்லை. என் தம்பியும் அதே சி காட்டுக்காகப் பதின்மூன்று ஆண்டுகள் காத்திருந்தவன்தான். அந்தக் காத்திருப்பின் பொருளை விளங்கிக்கொள்ளத் தமிழ் படித்த எனக்கே பல ஆண்டுகள் எடுத்தன. அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஓரிடத்தில் இருப்பதைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உள்ளன. தங்குதல், வதிதல், உறைதல், குடியிருத்தல் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் இவை எல்லாம் ஒன்றல்ல. மடத்திலே தங்குகிறோம்; வீட்டிலே குடியிருக்கிறோம். தங்குபவன் நாளைக்குப் புறப்பட வேண்டியவன். உறைபவனுக்கு நாளையும் அந்த இடத்திலேயே விடிகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, பல மொழி பேசும் தேசங்களிலிருந்து தம் புலம் பெயர்ந்து வந்த மக்கள் காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து இனிதாக வாழ்ந்ததைச் சொல்கிறது. இன்று நாம் வழங்கும் 'புலம்பெயர்ந்தோர்' என்ற சொல்லுக்கு அதிலே பழைய வேர் உண்டு. அந்த மக்களின் வாழ்வைக் குறிக்கப் புலவர் எடுத்த சொல் தங்குதல் அன்று, உறைதல்.

சுவிற்சர்லாந்தின் சட்டத்திலும் ஏறக்குறைய இதே வேறுபாடு இருக்கிறது. அங்கே அனுமதிப்பத்திரங்களுக்கு எழுத்துகளால் பெயர். புகலிடம் கேட்டு முடிவுக்குக் காத்திருப்பவருக்கு 'என்'. புகலிடம் மறுக்கப்பட்டாலும் திருப்பி அனுப்ப முடியாத நிலையில் உள்ளவருக்கு 'எஃப்'. இதற்குத் தற்காலிக அனுமதி என்று பொருள். அடுத்தது 'பி'. கடைசியாக 'சி'. 'பி'யின் ஜேர்மன் பெயரில் உள்ள சொல்லுக்குத் தங்கியிருத்தல் என்பது பொருள். 'சி'யின் பெயரில் உள்ள சொல்லுக்குக் கீழே அமர்தல், குடியமர்தல் என்பது பொருள். ஜேர்மன் மொழி அறியாத எனக்கு இதைச் சொல்லித் தந்தவன் தம்பிதான். "அண்ணை, பி எண்டால் நிக்கலாம். சி எண்டால்தான் இருக்கலாம்" என்றான். எந்த அகராதியும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிராது.

நாங்கள் வன்னியைச் சேர்ந்தவர்கள். தம்பி 2010 ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்து சென்று புகலிடம் கேட்டான். இரண்டு ஆண்டுகள் 'என்' அட்டையோடு இருந்தான். வன்னிக்கு ஒருவரைத் திருப்பி அனுப்புவது ஏற்றதல்ல என்று அந்நாட்டின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2011 இல் கருதியது. அடுத்த ஆண்டு தம்பிக்குப் புகலிடம் மறுக்கப்பட்டது; ஆனால் 'எஃப்' கிடைத்தது. பேர்ண் நகரில் ஓர் உணவகத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவத் தொடங்கினான். காசு அனுப்பினான். வீட்டுக்குக் கூரை போட்டோம். எங்கள் கண்ணுக்கு அவன் கரை சேர்ந்துவிட்டான்.

2014 மார்கழியில் அம்மா காலமானார். தந்தைக்கு மூத்த மகனும் தாய்க்கு இளைய மகனும் கொள்ளி வைப்பது எங்கள் வழக்கம். அம்மாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் தம்பி. தொலைபேசியில் நெடுநேரம் அழுதான். பின்பு, "அண்ணை, எனக்கு வர ஏலாது. நீங்களே வையுங்கோ" என்றான். 'எஃப்' அட்டை வைத்திருப்பவர் நினைத்தவுடன் நாட்டை விட்டு வெளியேறித் திரும்ப முடியாது. அதற்குத் தனி அனுமதி வேண்டும். அதற்கு மேலே இன்னொரு பயம். திருப்பி அனுப்ப முடியாது என்று சொல்லப்பட்ட அதே இடத்துக்குத் தானாகவே போய் வந்தவனுக்கு அந்த அட்டை நிலைக்குமா? இதையெல்லாம் அவன் அன்று விளக்கினான். எனக்குக் காதில் ஏறவில்லை. "ஒரு மட்டைக்காகப் பெத்த தாயை விட்டிட்டாய்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

நேயர்களே, இலக்கியத்தில் சொல்லின் வலிமையைப் பற்றி இருபது ஆண்டுகளாக வகுப்பெடுத்து வருபவன் நான். என் வாழ்நாளில் நான் சொன்னவற்றுள் திருப்பி எடுக்க வேண்டும் என்று விரும்புகின்ற சொல் அது ஒன்றுதான். அதற்குப் பிறகு பல மாதங்கள் நாங்கள் பேசவில்லை.

மௌனத்தைக் கலைத்தது ஒரு பிறப்புச் சான்றிதழ். 'எஃப்' உள்ளவர் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அந்நாட்டில் வாழ்ந்திருந்தால் 'பி'க்கு விண்ணப்பிக்கலாம். அவர் அந்தச் சமூகத்தோடு எவ்வளவு இணைந்திருக்கிறார், குடும்ப நிலை என்ன, திரும்பிப் போவது நியாயமாக எதிர்பார்க்கத்தக்கதா என்றெல்லாம் பார்ப்பார்கள். தன்னை யாரென்று நிரூபிக்கவும் வேண்டும். 2017 இல் தம்பி அழைத்து, பிறப்புச் சான்றிதழின் பிரதியும் மொழிபெயர்ப்பும் வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். கச்சேரிக்கு நானே போனேன். அப்போதுதான் மற்ற ஆவணங்கள் எவை என்று ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தேன். வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், வீட்டு வாடகை ஒப்பந்தம், கடன் நிலுவை இல்லை என்பதற்கான பத்திரம், குற்றப் பதிவு இல்லை என்பதற்கான பத்திரம், மொழிச் சான்றிதழ். ஒரு மனிதன் ஒழுங்காக வாழ்ந்தான் என்பதற்கு இத்தனை சாட்சிகளா என்று மலைத்துப் போனேன். அவன் ஒரு நாளும் நோயென்று படுக்காமல் வேலைக்குப் போனதும், ஒரு சிட்டைப் பணத்தைக்கூடப் பிந்திக் கட்டாததும் எதற்காக என்று அன்று விளங்கியது.

2018 இல் 'பி' கிடைத்தது. எட்டு ஆண்டுகள் போய்விட்டன, இனிச் 'சி'க்கு இரண்டு ஆண்டுகள்தானே என்று நான் கணக்குப் போட்டேன். தம்பி சிரித்தான். 'சி'க்குப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் வேண்டும். ஆனால் 'என்', 'எஃப்' என்று கழிந்த காலம் அந்தப் பத்தில் சேராது. அவனுடைய எட்டு ஆண்டுகளும் உழைப்பிலே இருந்தன, வரியிலே இருந்தன, கணக்கிலே இல்லை. 'பி' பெற்ற பின் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வாழ்ந்து, நன்றாக இணைந்து, மொழியும் தெரிந்தால் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். அந்த வழியைத்தான் அவன் பிடித்தான். 2019 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி இதற்குப் பேச்சில் பி1 என்ற நிலையும் எழுத்தில் ஏ1 என்ற நிலையும் வேண்டும்.

இங்கே ஒரு மொழிச் சிக்கலும் உண்டு. பேர்ணில் மக்கள் பேசுவது ஒரு ஜேர்மன்; பாடப்புத்தகத்தில் இருப்பது இன்னொரு ஜேர்மன். சமையலறையில் எட்டு ஆண்டுகள் கேட்டுப் பழகிய மொழியைப் பரீட்சைக்காகத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. "எங்கட தமிழ் மாதிரித்தான் அண்ணை, பேசிறது ஒண்டு, எழுதிறது ஒண்டு" என்றான். இரவு பதினொரு மணிக்கு வேலை முடிந்து வந்து படித்திருக்கிறான். பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படி என்று நான் அவனுக்குக் குட்டியது நினைவுக்கு வந்தது.

அவன் முதல் முறை ஊருக்கு வந்தது 2019 இல், 'பி' அட்டையோடு. இரண்டு கிழமை நின்றான். பெட்டியிலிருந்த உடுப்புகளை அலுமாரியில் வைக்கவில்லை. அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்து அடிக்கடி தடவிப் பார்த்தான். இரவில் எழும்பி விமானச் சீட்டைப் பார்ப்பான். அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்றவன் இருக்கவே இல்லை. வந்தும் வராதவன் போலத் திரும்பிப் போனான்.

2023 இல் 'சி' கிடைத்தது. 2024 சித்திரா பௌர்ணமிக்கு வந்தான். தாயை இழந்தவர்கள் விரதமிருக்கும் நாள் அது. ஒவ்வோர் ஆண்டும் அம்மாவின் திதியைப் பேர்ணில் உள்ள சிவன் கோயிலில் செய்து வந்தவன். 2014 மார்கழியில், அதாவது அம்மா இறந்த அதே மாதத்தில், அங்கே திறக்கப்பட்ட பல சமயங்களின் இல்லத்தில் அந்தக் கோயில் இருக்கிறது. இம்முறை எங்கள் ஊர்க் கோயிலில் என் பக்கத்தில் இருந்து சித்திரைக் கஞ்சி வார்த்தான். மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்து உடுப்புகளை எடுத்து அலுமாரியில் அடுக்கினான். பின்பு கிணற்றடிக்குப் போய், அம்மா குந்தியிருந்து பாத்திரம் விளக்கும் கல்லில் இருந்து கொண்டு நெடுநேரம் அழுதான். பத்து ஆண்டுகளுக்கு முந்திய அழுகை அது. அங்கே நிரந்தரமான பிறகுதான் அவனால் இங்கே வந்து இருக்க முடிந்தது. நான் பக்கத்தில் போயிருந்து, அன்று சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டேன். "அதை விடுங்கோ அண்ணை. நீங்கள் கோபிச்சது சரிதான், ஆனா என்னட்டை வேற வழி இருக்கேல்லை" என்றான்.

நிரந்தரம் என்ற சொல்லையும் நாம் அளவுக்கு மீறி நம்பிவிடக்கூடாது. 'சி' பெற்றவர் அந்த நாட்டை விட்டு ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால், முன்கூட்டியே விண்ணப்பித்து விதிவிலக்குப் பெறாவிட்டால், அந்த உரிமை அற்றுப்போகும். இணைந்து வாழவில்லை என்று கண்டால் 'பி'க்கு இறக்கவும் 2019 முதல் சட்டத்தில் இடமுண்டு. 2018 முதல் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவும் 'சி' வேண்டும்; அதற்குரிய பத்து ஆண்டுக் கணக்கில் 'எஃப்' காலம் பாதியாகச் சேரும், 'என்' காலம் சேராது. இவ்வளவும் இருந்தாலும், ஆண்டுதோறும் புதுப்பிப்பு வருமா வராதா என்று தபாற்பெட்டியைத் திறக்கிற பயம் போய்விடுகிறது. அந்தப் பயம் போவதுதான் பெரிய காரியம்.

நமது புலம்பெயர் இலக்கியம் புகலிடம் கேட்பதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறது. 2001 இல் வெளிவந்த ஷோபாசக்தியின் 'கொரில்லா' நாவல் அகதி விண்ணப்பக் கடிதத்தின் வடிவத்தையே கையாண்டது. ஆனால் விண்ணப்பத்துக்கும் நிரந்தரத்துக்கும் இடையே கழிகிற அந்தக் கணக்கில் சேராத ஆண்டுகளைப் பற்றி நான் படித்தவை குறைவு. ஊரில் இருக்கும் நாங்களோ அதைப் பற்றி ஒரே கேள்விதான் கேட்கிறோம். கலியாணப் பேச்சிலும் "என்ன காட்?" செத்த வீட்டிலும் "காட் கிடைச்சிட்டுதோ?" நிரந்தர வதிவிட உரிமை பெற்ற மணமகன் என்று விளம்பரம் போடுகிறோம். அந்த உரிமைக்கு அவன் எதை விலையாகக் கொடுத்தான் என்று கேட்பதில்லை.

என் மாணவனின் வசனத்துக்கே திரும்புகிறேன். உறைதல் என்பதற்குப் பனி இறுகுவது மட்டும் பொருளல்ல. பால் தயிராவதும் உறைதல்தான். உறை ஊற்றிய பாலை அசைக்கக் கூடாது என்று அம்மா சொல்லுவார். அசைத்துக்கொண்டே இருந்தால் அது பாலும் ஆகாது, தயிரும் ஆகாது. எங்கள் பிள்ளைகளுள் எத்தனையோ பேர் இன்னும் அந்த நிலையில் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் தொலைபேசி எடுக்கும்போது அட்டையைப் பற்றி விசாரிப்பதற்கு முன், சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

அடுத்த நாள் வகுப்பில் அந்த மாணவனை எழுப்பி, அவன் சொன்ன வசனம் சரி என்று சொன்னேன். காரணத்தையும் விளக்கினேன். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.