கைவல்லாரைக் கைவிடாமை

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வவையில் நெய்விப்போரும் நெய்வோரும் ஒருங்கே அமர்ந்திருக்கின்றீர்கள். யாமோ இவ்விரு திறத்தாருள் ஒருவரும் அல்லேம். பள்ளியில் தமிழ் கற்பிப்பதைத் தொழிலாக உடையேம். ஆயினும் தறியோசை கேட்டு வளர்ந்த செங்குந்தர் குடியிற் பிறந்தமையின், நம் தொழிலைப் பற்றிய கவலை ஒன்றை நும்முன் வைக்கத் துணிந்தோம். குற்றங் காணினும் குணமே கொள்வீராக.

வாணிகத்திற்கு முதல் யாது என வினவின், பட்டு, ஜரிகை, தறி, பணம் என்று விடை கூறுவர். இவையெல்லாம் முதலே, ஐயமில்லை. ஆனால் இவை பணங் கொடுத்தால் நாளையே கிடைப்பன. பணங் கொடுத்தாலும் நாளையே கிடைக்காத முதல் ஒன்றுண்டு. அது தேர்ந்த நெசவாளியின் கை. இதனைக் கணக்குப் புத்தகத்தில் வரவு வைப்பார் இல்லை. ஆதலின் அது போயினும் பற்று எழுதுவாரும் இல்லை. எழுதாத நட்டமே பெரு நட்டம் என்பதை உணர்த்துவதே இப்பேச்சின் நோக்கம்.

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையை நோக்குக. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறொரு நிறம். இரு கரைக்கும் உடலுக்குமாக மூன்று நாடாக்கள் ஓடும். ஒவ்வோர் ஊடையிலும் கரையின் இழையும் உடலின் இழையும் ஒன்றையொன்று பற்றிக் கோத்துக்கொள்ள வேண்டும். நெசவாளியும் அவருக்குத் துணையிருப்பவரும் மனமொத்து இயங்கினாலன்றி இது நிகழாது. ஓரிழை தளர்ந்தால் கரை சுருங்கும். ஓரிழை இறுகினால் சேலை நெளியும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது எந்நூலிலும் எழுதப்பட்டிலது. அது விரலறிந்த கல்வி. பல்லாண்டு அருகிருந்து பார்த்தும், பிழைத்தும், திருத்தப்பட்டுமே அது கைவரும்.

இனி, யாம் அறிந்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்வோம். பெயர்கள் வேண்டா. ஒருவர் ஒரே முதலாளியிடம் 22 ஆண்டுகள் கோர்வை நெய்தார். துணையிருந்தவர் அவர் மனைவியார். சேலைக்கு இவ்வளவு என்று ஒரே கூலி. அதனுள் அம்மையாரின் உழைப்பும் அடங்கிவிடும். துணைக்கூலியைத் தனியே சிறிது கூட்டித் தருமாறு அவர் வேண்டினார். முதலாளி, “நீ இல்லாவிட்டால் இன்னொருவன் வருவான்” என்றார். அடுத்த மாதம் அந்நெசவாளி ஒரு தொழிற்சாலை வாயிலில் காவற்காரராய் அமர்ந்தார். இன்னொருவரும் வந்தார். ஆனால் ஒரு பாவுக்குரிய சேலைகளுள் இரண்டு கரை சுருங்கின. கடைக்காரர் அவற்றைத் திருப்பி அனுப்பினார். கேட்ட கூலியோ ஓராண்டுக்குக் கணக்கிட்டாலும் அவ்விரு சேலைகளின் விலைக்கு ஈடாகாது. இதைவிட வருந்தத்தக்கது ஒன்றுண்டு. அவரிடம் தொழில் பழகிக்கொண்டிருந்த இளைஞர் இருவரும் தறியை விட்டகன்றனர். ஆசான் போனபின் மாணாக்கன் யாரிடம் கற்பான்?

அந்நெசவாளியின் மகன் எம் வகுப்பில் பயின்றான். தாம் மேற்கொள்ள விரும்பும் தொழிலைப் பற்றிக் கட்டுரை வரையச் சொன்னோம். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பதினொருவர் இருந்தனர். ஒருவனேனும் நெசவென்று எழுதவில்லை. அக்கட்டுரைகளைத் திருத்துங்கால், எப்பிழையைத் திருத்துவது என்று அறியாது சிறிது நேரம் வாளா இருந்தோம்.

இஃது ஓரூரின் கதையன்று. 2009-10-இல் எடுத்த கைத்தறிக் கணக்கின்படி நம் நாட்டில் கைத்தறித் தொழிலாளர் ஏறக்குறைய 43 இலட்சம். 2019-20-இல் எடுத்த கணக்கின்படி ஏறக்குறைய 35 இலட்சம். பத்தாண்டில் எட்டு இலட்சம் பேர் குறைந்தனர். காஞ்சிப் பட்டு என்னும் பெயருக்கு 2005-ஆம் ஆண்டு புவிசார் குறியீட்டுப் பதிவு கிடைத்தது. பெயரைக் காக்கச் சட்டம் உண்டு. அப்பெயரை உண்டாக்கிய கையைக் காக்க வேண்டியவர் நாமே.

“கூலியை உயர்த்தினால் தொழில் நிற்குமோ?” என்பாருக்கு அயல்நாட்டுச் செய்தி ஒன்று கூறுவோம். அமெரிக்க நாட்டில் ஹென்றி ஃபோர்டு என்பார் மோட்டார் வண்டிகள் செய்வித்தார். 1913-ஆம் ஆண்டு அவர் தொழிற்சாலையில் ஏறக்குறைய 14,000 பேரை வேலையில் நிறுத்தி வைப்பதற்கு, அவ்வோராண்டிலேயே 52,000 பேருக்கு மேல் புதிதாகச் சேர்க்க நேர்ந்தது. வந்தவர் வந்த வழியே போயினர். 1914 ஜனவரியில் அவர் நாட்கூலியை ஏறக்குறைய இரண்டரை டாலரினின்றும் ஐந்து டாலராக உயர்த்தினார். ஒன்பது மணி நேர வேலையை எட்டு மணியாகக் குறைத்தார். அவர் அழிந்தொழிவார் என்றனர் சிலர். நிகழ்ந்தது வேறு. ஆட்கள் நிலைத்தனர், இலாபமும் பெருகியது. செலவைக் குறைக்கத் தாம் கண்ட வழிகளுள் இது மிகச் சிறந்தது என்ற கருத்தினையே பின்னர் அவர் வெளியிட்டார். அவர் அறஞ் செய்தார் என்று யாம் புகழ வரவில்லை. கூடுதற் பணம் பெறத் தகுதியுடையவரா என்று தொழிலாளியின் வீட்டு வாழ்வையும் ஆராய ஆள் விடுத்தவர் அவர். நாம் கொள்ள வேண்டுவது கணக்கு மட்டுமே. அங்குள்ள வேலைகளுட் பல, சில நாளிற் கற்கத்தக்கவை. அத்தகைய வேலைக்காரர் போவதே அத்துணை நட்டமாயின், பல்லாண்டிற் கற்கும் கோர்வைக்காரர் போவது எத்துணை நட்டம்!

“முன்பணம் கொடுத்து வைத்திருக்கிறோம், எங்கே போவான்?” என்பாரும் உளர். கடனாற் கட்டுவது வேறு, அன்பால் நிறுத்துவது வேறு. கட்டுண்டவன் உடல் தறியில் இருக்கும். மனம் வாயிலை நோக்கியிருக்கும். கடனுக்கு ஈடாக ஒருவனை வேலையிற் பிணிப்பதை 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்துவிட்டது என்பதையும் மறவற்க.

வள்ளுவர் பெருமான் ‘தெரிந்து வினையாடல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். தன் தொழிலில் இடையறாது முயல்பவனது உரிமையை ஐயுற்று வேறாக நினைப்பவனை விட்டுத் திருமகள் நீங்குவாள் என்பது அதன்கண் ஒரு குறளின் கருத்து. அரசருக்குச் சொன்னதாயினும் தறிக்கூடத்திற்கும் அது பொருந்தும்.

ஆதலின், நெய்விக்கும் பெரியோர்களே, ஐந்து செய்க. கூலியைச் சொன்ன நாளில் கொடுக்க. பிடித்தம் செய்யின் காரணத்தைச் சேலையை விரித்துக் காட்டிச் சொல்லுக. துணையிருப்பவர்க்குத் தனிக்கூலி வைத்து, அம்மையாராயின் அவர் பெயரிலேயே எழுதுக. மழைநாளில் வீதியிற் பாவு விரிக்க இயலாது தறி ஓயுங்கால், நெசவாளியின் அடுப்பு ஓயாதிருக்க வழி காண்க. இளைஞர்க்குக் கற்பிப்போருக்குக் கற்பித்தற்கென ஓர் ஊதியம் அளிக்க. இவற்றுள் பின்னைய மூன்றற்கே பணம் வேண்டும். முன்னைய இரண்டிற்கு நேர்மை ஒன்றே போதும்.

நெய்யும் உடன்பிறந்தார்க்கும் ஒரு சொல். வாங்கிய பாவை இடையில் விட்டு அயலார் பாவை ஏற்றற்க. குறை இருப்பின் முகத்துக்கு முகம் கூறுக. கூறியும் பயனில்லையேல் இச்சங்கத்தின் முன் வைக்க. இருவரையும் ஒரு பாயில் அமர்த்திப் பேசுவிக்கும் கடமை சங்கத்திற்கு உண்டு. அதற்கென நெய்வோர் மூவரும் நெய்விப்போர் மூவரும் கொண்ட குழுவொன்றை இக்கூட்டத்திலேயே அமைக்குமாறு தலைவர் அவர்களை வேண்டிக்கொள்கின்றோம்.

கரையும் உடலும் நிறத்தால் வேறு, கோர்வையால் ஒன்று. கோர்வை விட்டால் இரண்டும் கந்தலே. அடுத்த ஆண்டு அதே கட்டுரையை எம் மாணாக்கர்க்குக் கொடுப்போம். ஒருவனேனும் “நெசவு” என்று எழுதுவானாயின், இன்றைய கூட்டம் பயன்பட்டது எனக் கொள்வோம்.