கட்டிய மாளிகைகளும் கொடுத்த வீடும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இராமகுப்பத்தில் வாழும் நாம் சென்னை செல்லக் குப்பம் சென்று ரயிலேறுகிறோம். சென்ட்ரலில் இறங்கினால், ரிப்பன் மாளிகைக்கு அருகே விக்டோரியா பொதுமன்றம் செந்நிறத்தில் நிற்கக் காண்கிறோம். அதைக் கட்டிய ஒப்பந்தக்காரரைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன். அவர் தாட்டிகொண்டா நம்பெருமாள் செட்டியார். 1856 இல் பிறந்து 1925 இல் மறைந்தவர். வீட்டுப் பெயர் தெலுங்கு. இட்ட பெயரோ திருவரங்கப் பெருமாளின் திருப்பெயர். இரு மொழியும் கலந்து வாழும் நமக்கு அவர் அயலார் அல்லர்.

1892 இல் திறக்கப்பெற்ற உயர்நீதிமன்றம், 1896 இல் திறக்கப்பெற்ற கன்னிமாரா நூலகம், எழும்பூர் விக்டோரியா நினைவு மண்டபம் ஆகியன அவர் கட்டியவை. வரைபடம் தந்தவர்கள் சிஷோம், இர்வின் முதலியோர். அதைச் செங்கல்லும் சுண்ணாம்பும் தேக்கு மரமுமாக நிமிர்த்தியது செட்டியாரின் ஆற்றல். கன்னிமாராவின் மரவேலைப்பாட்டை இன்றும் காணலாம்.

ஈட்டிய பொருளை அவர் மனைகளில் இட்டார். சேத்துப்பட்டில் அவருக்குத் தொண்ணூற்றொன்பது வீடுகள் இருந்தன என்பர். திருவள்ளூர் வீரராகவப் பெருமாளைத் தரிசிக்க நான்கு பெட்டிகள் கொண்ட சொந்த ரயில் வைத்திருந்தார் என்றும் சொல்வர். ரயில்வேயில் குமாஸ்தாவாகிய எனக்கு இச்செய்தி பெருவியப்பே!

ஆனால், நான் அவரைப் போற்றுவது இவற்றுக்காக அன்று.

1912 இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா சேர்ந்தார். மெட்ரிகுலேஷன் தேறியும் கல்லூரித் தேர்வில் தவறியவர். அவரே கணித மேதை இராமானுஜன். கேம்பிரிட்ஜ் சென்று, ராயல் சொசைட்டியின் உறுப்பினராகி, 1919 இல் நோயாளியாகத் திரும்பினார். இறுதி மாதங்களில் அவர் தங்குவதற்குச் சேத்துப்பட்டில் இடம் தந்தவர் நம்பெருமாள் செட்டியார். உடல் எலும்பாய்த் தேய்ந்த நிலையிலும் இராமானுஜன் கணக்கை விடவில்லை. 1920 ஏப்ரல் 26 அன்று, முப்பத்திரண்டு வயதில், சேத்துப்பட்டிலேயே காலமானார். அந்த இறுதி ஓராண்டில் எழுதியவை என்று கருதப்படும் தாள்கள், நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள், 1976 இல் கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரி நூலகத்தில் கிடைத்தன. உலகக் கணித அறிஞர்கள் அவற்றை இன்றும் ஆராய்கின்றனர்.

அன்பர்களே, நோயாளிக்கு வாடகைக்கு வீடு தரவும் தயங்குவார் உண்டு. காலனியில் குடியிருக்கும் நாம் அதை அறிவோம். என் தந்தையார் நோயுற்றிருந்த ஆண்டில், மருத்துவமனைக்கு அருகே ஓர் அறைக்காக நான் ஏறி இறங்கிய படிகள் பல. அன்று இரவு தங்கத் திண்ணை கொடுத்த மூதாட்டியை நான் இன்றும் மறக்கவில்லை. தொண்ணூற்றொன்பது வீடு உடையவர்க்கும் ஒரு திண்ணை உடையவர்க்கும் ஈகை ஒன்றே.

நம் சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் எழுப்ப வேண்டும் என்று ஆண்டுதோறும் பேசுகிறோம். எழுப்புவோம். ஆனால், மேடையும் மண்டபமும் அமைக்குமுன், வேலை தேடி வரும் இளைஞனும் சிகிச்சைக்கு வரும் குடும்பமும் தங்க ஓர் அறையை முதலில் அமைப்போம். அதற்கு என் ஒரு மாதச் சம்பளத்தை இம்மேடையிலேயே அளிக்கிறேன்.