தேர்தல் காலமும் உலமாக்களின் பொறுப்பும்

  

தேர்தல் வரும்போதெல்லாம், பாலஸ்தீனம் குறித்தும் நமது நாட்டின் வெளியுறவுக் கொள்கை குறித்தும் ஆலிம்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்று இளைஞர்கள் நம்மிடம் கேட்கின்றனர். தறி வேலை செய்யும் நமக்கு அது எதற்கு என்று வினவும் பெரியோரும் உளர். இருசாராருக்கும் 1920ஆம் ஆண்டின் வரலாறு விடை பகர்கிறது.

துருக்கிப் பேரரசைக் கூறுபோட்ட ஸேவர் உடன்படிக்கை அவ்வாண்டு ஆகஸ்ட் 10இல் கையெழுத்தானது. இரண்டே நாட்களில் காந்தியடிகளும் மௌலானா ஷௌகத் அலீ அவர்களும் சென்னையில் இருந்தனர். கடற்கரைக் கூட்டத்தில் கிலாஃபத் பிரச்சினை பேசப்பட்டது. நவம்பரில் சட்டசபைத் தேர்தல். அதே மாதம் ஷைகுல் ஹிந்த் மௌலானா மஹ்மூத் ஹஸன் (ரஹ்) அவர்கள் தலைமையில் ஜம்இய்யத்துல் உலமாயே ஹிந்த் தில்லியில் கூடியது. சட்டசபைப் பதவிகளை ஏற்கலாகாது என்று உலமாக்கள் ஃபத்வா அளித்தனர்.

ஆயினும் அவ்வாண்டின் மறுபக்கத்தையும் நாம் மறைத்தலாகாது. ஹிஜ்ரத் செய்யுங்கள் என்ற அழைப்பை ஏற்று, சிந்து, எல்லைப்புற மாகாண மக்கள் பல்லாயிரவர் வீடு, நிலங்களை விற்று ஆப்கானிஸ்தான் நோக்கிப் புறப்பட்டனர். ஆகஸ்டில் அந்நாடு கதவை அடைத்தது. திரும்பும் வழியில் மாண்டோர் பலர். எந்தக் கிலாஃபத்துக்காக அவர்கள் வெளியேறினார்களோ, அதனை 1924 மார்ச் 3இல் துருக்கி நாட்டுப் பேரவையே ஒழித்துவிட்டது.

இதில் நமக்குள்ள படிப்பினை யாது? உலமாக்கள் பேசியது தவறன்று. நிலைமையைத் தீர விசாரியாமல் மக்களை வழிநடத்தியதே தவறு. வரும் செய்தியை விசாரித்தறியத் திருமறை பணித்திருக்க, கைப்பேசியில் வந்ததை மிம்பரில் ஒப்பிப்பது அமானிதத்துக்குச் செய்யும் துரோகமாகும்.

வழிபாட்டுத் தலத்தை அரசியல் நடவடிக்கைக்குப் பயன்படுத்துவதை 1988ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது முறைகேடு என 2017இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. எனவே இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று நாம் சொல்லமாட்டோம். இந்தியா 1974இல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தையும், 1988இல் பாலஸ்தீன நாட்டையும் அங்கீகரித்தது. 1992இல் இஸ்ரேலுடன் முழுத் தூதரக உறவு கொண்டது. இவ்வுண்மைகளை எடுத்துரைப்பது நம் கடமை.

வெளியுறவு மத்திய அரசின் பொறுப்பு. சீனப் பட்டுக்கு எவ்வளவு இறக்குமதி வரி என்பதும் தில்லியிலேயே முடிவாகிறது. ஆகவே காஞ்சியின் தறிக்காரரும் நாடாளுமன்ற வேட்பாளரிடம் இவை பற்றி வினவ உரிமையுடையவர். வினாவை அறிந்து கேளுங்கள். முடிவை உங்கள் மனச்சான்றின்படி எடுங்கள்.

வல்ல அல்லாஹ் நமக்குத் தெளிந்த அறிவைத் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.