எந்த வரி ஏழைக்கு எதிரி?

பொருள், சேவை வரியான ஜிஎஸ்டியை ஆதரித்துத் தோட்டப்புற மேடையில் பேசினால் கைதட்டல் விழாது. தெரிந்துதான் பேசுகிறேன். 2015 ஏப்ரலில் 6 விழுக்காட்டில் வந்த அந்த வரியை 2018 ஜூனில் சுழியமாக்கினார்கள். செப்டம்பரில் பழைய விற்பனை, சேவை வரி திரும்பியது. வரி ஒழிந்ததா? விற்பனை வரி தொழிற்சாலையிலும் துறைமுகத்திலுமே 5 அல்லது 10 விழுக்காடு விழுந்துவிடுகிறது. அந்த விலைமேல் மொத்த வியாபாரி லாபம் வைக்கிறார், அதன்மேல் கடைக்காரர் வைக்கிறார். ரசீதில் மட்டும் ஒன்றும் தெரியாது. செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்கு உதிரிப்பாகம் வாங்கியவர், அதிலுள்ள வரியைத் திரும்பக் கேட்க முடியாது, வாடகையில்தான் ஏற்றுவார். ஜிஎஸ்டியிலோ, பதிவு பெற்ற வியாபாரி தான் கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் சுங்கத் துறைக்குக் கட்டினார். கழிவு கேட்க ரசீது வேண்டும். ஆகவே விற்றவரும் கணக்கில் மாட்டினார். 2017-இல் சுமார் 44 பில்லியன் ரிங்கிட் வசூலானது அப்படித்தான். 2019-இல் பழைய வரி 30 பில்லியனைத் தொடவில்லை. ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி சுழியமாக இருந்தது, வழியில் கட்டியதையும் திரும்பக் கேட்க முடிந்தது. 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்ட தெனமாரம் தோட்டம் இருக்கும் கோல சிலாங்கூர் மாவட்டத்துக்கு இது சின்ன விஷயமா?

ஏழையும் பணக்காரனும் ஒரே விழுக்காடு கட்டுவது நியாயமா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அரிசி, சீனி, உப்பு, மாவு, சமையல் எண்ணெய்க்கு ஜிஎஸ்டி சுழியமாக இருந்தது. வீட்டு மின்சாரத்தில் முதல் 300 யூனிட்டுக்கும் அப்படியே. 1,700 ரிங்கிட் சம்பளக்காரர் பாதியை வரியுள்ள பொருளுக்குச் செலவிட்டால் 51 ரிங்கிட் போகும். 20,000 செலவிடுபவரிடம் 1,200 வரும். அந்த 51-ஐ ரொக்கமாகவே திருப்பிக் கொடுக்கலாம், அதற்குப் பணமும் இருக்கும். விலை எகிறியதே என்பார்கள். பணவீக்கம் 2014-இல் 3.2, ஜிஎஸ்டி வந்த 2015-இல் 2.1 விழுக்காடு. கச்சா எண்ணெய் விலைச் சரிவு அதற்குக் கைகொடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் பயமுறுத்திய வெள்ளம் வரவில்லை. வியாபாரிகளுக்குத் திருப்பித் தர வேண்டிய 19.4 பில்லியன் தேங்கிக் கிடந்தது என்று 2018-இல் புதிய அரசு சொன்னது. அது கருவூலத்தின் குற்றம். அந்தப் பணத்தை அரசு தொடாதபடி சட்டம் போட்டுப் பூட்டுங்கள்!

குறைந்தபட்சச் சம்பளம் 3,000, 4,000 ரிங்கிட் ஆகும்வரை ஜிஎஸ்டி இல்லை என்கிறார் பிரதமர். நல்லது. 2024 மார்ச்சில் சேவை வரியை 8 விழுக்காடாக உயர்த்தியபோதும், 2025 ஜூலையில் அதை விரித்தபோதும் யார் சம்பளத்துக்காகக் காத்திருந்தார்கள்?